அது காலையில எடுத்த படம் இல்ல சார்

வேணாம் சார், நான் உட்காரல. உட்கார்ந்தா தண்ணி குடுப்பீங்க, தண்ணி குடிச்சா கோபம் எறங்கிடும். எறங்கக் கூடாது. ரெண்டு பஸ் மாறி, வழியில கொஞ்சமும் சிந்தாம அப்படியே கொண்டு வந்திருக்கேன்.

மணி என்ன இப்ப? பத்தாகப் பத்து நிமிஷம். பதினோரு மணிக்குப் பரிசு குடுக்குறீங்க. அதுக்குள்ள இந்தப் படம் இந்தச் சுவத்துல இருக்கக் கூடாது. இதைத்தான் வாசல்ல ரிஜிஸ்டர் வெச்சுட்டு உட்கார்ந்திருக்காங்களே ஒரு அம்மா, அவங்ககிட்ட மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும், பார்வையாளர் கருத்தைக் கடைசிப் பக்கத்துல எழுதுங்கம்மான்னாங்க. நாலாவது தடவை சத்தமா சொன்னேன். உங்களைக் கை காட்டிட்டாங்க. நீங்கதானே தலைமை நடுவர்? கழுத்துல அட்டை தொங்குதே.

காரணம் சொல்றேன். இது சூரியன் உதிக்கிற படமே இல்ல. மறையுற படம். சாயங்காலத்தைப் புடிச்சு, காலைன்னு பேர் வெச்சு மாட்டியிருக்கு. நீங்க மூணு பேரு, ஆளுக்கொரு மூக்குக் கண்ணாடி, ஆறு கண்ணு, பன்னெண்டு கண்ணுன்னே வெச்சுக்குங்க, அத்தனையையும் வெச்சுப் பார்த்துட்டு, புலர்காலைப் பிரிவு முதல் பரிசுன்னு நீல ரிப்பன் குத்தியிருக்கீங்க.

சிரிங்க. பரவால்ல. சிரிச்சு முடிச்சுட்டு சொல்லுங்க, நான் இருக்கேன்.

நானா? எடுத்ததா சொல்லிக்கிறாரே, அவரோட மாமியார். ஆமா சார், சொந்த மாமியார். இவரு எங்க மாப்பிள்ளை. என் ஒரே பொண்ணைக் கட்டியிருக்காரு. வீடு என்னோடது, கீழ நான் இருக்கேன், மேல அவங்க ரெண்டு பேரும். மாப்பிள்ளைக்குப் பரிசு கிடைச்சா மாமியார்க்காரி தெருத்தெருவா சொல்லிக்கிட்டுல்ல திரியணும், இந்த அம்மா என்ன எறக்கு எறக்குன்னு நிக்குதேன்னு பார்க்குறீங்க. பாருங்க. பார்க்க வேண்டிய விஷயம்தான்.

போட்டோவைப் பத்தி எனக்கு என்ன தெரியுமா? ஒண்ணும் தெரியாம இருந்தேன் சார், மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் நிம்மதியா. அப்புறம் மாப்பிள்ளை எங்க மொட்டைமாடியில ஞாயித்துக்கிழமை வகுப்பு ஆரம்பிச்சாரு. சூரியனைப் படம் புடிக்கிறது எப்படி. வர்றவங்களுக்கு நாற்காலி யாரு தூக்கிட்டுப் போவா? நான். டீ? நான். மழை வந்தா நாற்காலியை எறக்குறது? கேட்கவே வேணாம். மூணு வருஷம், வாரத்துக்கு ஒரு தடவை, அதே பாடம். சுவத்துக்குச் சொல்லியிருந்தா சுவரே கேமரா வாங்கியிருக்கும்.

எப்படி ஆரம்பிப்பாரு தெரியுமா? இந்தாங்க, பையைக் கொஞ்சம் புடிங்க. ரெண்டு கையாலயும் இப்படி ஒரு சட்டம் போட்டுக்குவாரு. அதுக்குள்ள ஒத்தைக் கண்ணால பார்ப்பாரு. க்ஹும். நண்பர்களே. சூரியன் ஒரு விருந்தாளி. விருந்தாளி வர்றப்ப, வீட்டுக்காரன் குளிச்சிட்டு இருக்கலாமா? கூடாது. அப்படின்னு நிறுத்துவாரு. எல்லாரும் எழுதிக்குவாங்க. அரை மணி நேரம் முன்னாடியே போய் நில்லுங்கடான்னு சொல்றதுக்கு, சார், விருந்தாளியக் கூட்டிட்டு வந்து, வீட்டுக்காரனையும் குளிப்பாட்டி விட்டுருவாரு.

அப்படியே அவரு குரலா? நீங்க பேசிப் பார்த்திருக்கீங்களா அவருகிட்ட? அப்ப உங்களுக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல இருபத்தாறு வருஷம் இருந்தேன். மிஷின் சத்தத்துல வேலை ஓடணும்னா யாராவது எதையாவது பண்ணிக்கிட்டே இருக்கணும். பெரிய டாக்டர் மாதிரி பேசுவேன், நர்ஸம்மா மாதிரி நடப்பேன். ஒரு தடவை நர்ஸம்மா பின்னாடியே நிக்குறாங்க, எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் ஒரு மாசம் ரத்தக்கறைத் துணி மொத்தமும் எனக்குத்தான். அங்க எனக்குப் பேரே ரேடியோ.

இருங்க, பாடம் முடியல. நீங்க நடுவர், உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆனா எனக்கும் தெரியும்னு நீங்க தெரிஞ்சுக்கணும்.

கேமராவைச் சூரியனுக்கு நேரா காட்டி வெளிச்சம் அளந்தா, அது பயந்து போயி மத்ததெல்லாத்தையும் இருட்டாக்கிடும். பக்கத்துல இருக்கிற வானத்தைக் காட்டி அளக்கணும். சரியா? தானாவே கலரைச் சரி பண்ணிக்கோன்னு விட்டுட்டா கேமரா புத்திசாலித்தனம் பண்ணி இருக்கிற செவப்பையெல்லாம் தொடைச்சுரும், அதனால மேகமூட்டத்துக்கு வெக்கிற அளவுல வெக்கணும். வானம் சுத்தமா இருந்தா படம் சப்புன்னு இருக்கும், மேகம் வேணும், ஆனா அடியில ஒரு சந்து வேணும், வெளிச்சம் பூந்து வர. பூமிக் கோட்டை நடுவுல வெக்காத, வானம் நல்லாருந்தா கீழ தள்ளு. ஓட்டைக்குள்ள கண்ணை வெச்சு நேரா சூரியனைப் பார்க்காத, கண்ணு போயிடும், பின்னாடி திரையில பாரு. கை நடுங்கும், மூணுகால் ஸ்டாண்டுல வை. அப்புறம், இதை ஒவ்வொரு வாரமும் சொல்லுவாரு, வெறும் வானத்தை எடுக்காதீங்க நண்பர்களே, முன்னாடி ஒரு உருவம் வேணும். ஒரு மரம். ஒரு கம்பி. ஒரு மனுஷி.

தப்பு இருக்கா? இல்லல்ல. நல்ல வாத்தியாருதான் சார். அதை நான் இல்லேன்னு சொல்லவே மாட்டேன். சொல்றது எல்லாம் சரிதான்.

இப்ப படத்துக்கு வருவோம். இந்தப் பக்கம் வாங்க, அங்க நின்னா கண்ணாடியில உங்க மூஞ்சிதான் தெரியும். பார்த்தீங்களா, எடதுபக்கம் ஒரு தண்ணி டேங்க். வலதுபக்கம் ஒசரமா ஒரு புகைக்கூண்டு, மூடிப்போன மில்லு. ரெண்டுக்கும் நடுவுல செவப்பு. இது எங்க மொட்டைமாடி. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு நான் வந்து முப்பத்திரெண்டு வருஷம். முப்பத்திரெண்டு வருஷமா சூரியன் அந்த மில்லுப் பக்கம்தான் போய் விழுது. காலையில அங்கருந்து ஒரு நாள் கூட வந்ததில்ல. மேற்குல உதிக்கிறதுக்கு அதுக்கென்ன புதுசா வேலை மாத்தலா குடுத்திருக்காங்க?

உங்களுக்குத் தெரியாது, சரி. எங்க மாடி உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனா துணி தெரியணும்ல. அந்தக் கயித்துல பாருங்க, ஒரு படுக்கை விரிப்பு. ரெட்டைக் கட்டில் விரிப்பு சார், சின்னது இல்ல. எப்படிப் பறக்குது? கப்பல் பாய் மாதிரி. இருபத்தாறு வருஷம் ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு பார்த்தவ நான். தொட்டுப் பார்க்க வேணாம், தொங்குறதைப் பார்த்தே சொல்லுவேன், இது முக்கால் ஈரம், இது கால் ஈரம், இதை மடிக்கலாம்னு. இது எலும்பு வரைக்கும் காஞ்ச துணி. விடியக்காலையில ராத்திரிப் பனி குடிச்ச விரிப்பு பறக்குமா? கல்லு மாதிரி தொங்கும், கயிறு நடுவுல தொய்ஞ்சு போயிருக்கும். இந்தக் கயித்தைப் பாருங்க, கோடு போட்ட மாதிரி நிக்குது. அதோட, என் வீட்டுல ராத்திரி துணி வெளிய கெடக்குமா? எனக்குத் தூக்கம் வராது சார்.

அப்புறம் உங்க பறவை. கீழ ஒட்டியிருக்கீங்களே, நடுவர் குழு கருத்து, அதுல ரெண்டாவது வரி. கம்பியில் தனித்து அமர்ந்திருக்கும் ஒற்றைப் பறவை விடியலின் மௌனத்தை நமக்கு உணர்த்துகிறது. யாரு எழுதுனது? நீங்களா? கிட்டப் போய்ப் பாருங்க. கிட்ட. இன்னும். பறவைக்கு நடுவுல ஸ்ப்ரிங் இருக்குமா சார்? அது கிளிப்பு. துணிக்குப் போடுற கிளிப்பு. டஜனா வாங்குனது. மௌனமாத்தான் இருக்கும். அது என்ன பேசும்?

ஐயோ, கோச்சுக்காதீங்க. உங்களைச் சொல்லி என்ன, மேல ஒட்டியிருக்கிறதை நம்பிப் பார்த்தீங்க. அவரு எழுதிக் குடுத்திருக்காருல்ல, என் பொண்டாட்டியோட சேர்ந்து நாலு மணிக்கே எழுந்து, ஊர் அடங்கிக் கிடக்கும்போது, குளிரில் காத்திருந்து. நாலு மணி! நான் நாலரைக்கு எந்திரிச்சுக் குழாய் திறக்குறவ. மேலருந்து என்ன சத்தம் வரும் தெரியுமா எனக்கு? கொர்ர்ர்... ப்பூ. கொர்ர்ர்... ப்பூ. எட்டு மணி வரைக்கும். விருந்தாளி வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, கைகழுவிட்டுக் கெளம்பியிருப்பாரு, வீட்டுக்காரரு பொரண்டு படுத்திருப்பாரு. மூணு வருஷத்துல ஒரு உதயம் பார்த்ததில்ல எங்க மாப்பிள்ளை. எல்லாமே சாயங்காலம்தான்.

பின்ன ஏன் இந்தப் பிரிவுல போட்டாருன்னா, அதை நீங்கதான் சொல்லணும். சாயங்காலத்துக்கு எத்தனை படம் வந்துச்சு? முன்னூறா. காலைக்கு? பதினாலு. அவ்வளவுதான் விஷயம். ஊரே சோம்பேறின்னு அவருக்குத் தெரியும். தன்னை வெச்சுக் கணக்குப் போட்டிருப்பாரு.

இல்ல சார், ரிஜிஸ்டர்ல புகார் எழுதிக் குடுத்தா அடுத்த வாரம் கூட்டம் போட்டுப் பேசுறதெல்லாம் ஆகாது. பதினோரு மணிக்கு முன்னாடி. அவரு என் பொண்ணைக் கூட்டிட்டு வர்றாரு. படத்துல நிக்குறது அவதான், அவ இன்னும் இதைப் பார்க்கல. நல்லதா உடுத்திக்கிட்டு வா, உனக்கு ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கேன்னு சொல்லியிருக்காரு. முதல் வரிசையில உட்கார வெப்பாரு. பரிசு வாங்குன உடனே இந்தப் படத்துக்குப் பக்கத்துல அவளை நிறுத்தி, படத்துல இருக்கிற மாதிரியே நில்லுன்னு, பேப்பர்காரங்களுக்குக் காட்டுவாரு. அவ வர்றப்ப இங்க வெறும் ஆணிதான் இருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்குறது.

எனக்கு எப்படித் தெரியும்னா, இன்னிக்குக் காலையிலதான் தெரியும். சட்டைப் பையைப் பார்க்காம நான் எதையும் தண்ணியில போட மாட்டேன். ஆஸ்பத்திரியில பழகுனது, டாக்டருங்க பையில என்னென்ன இருக்கும்னு சொன்னா நீங்க வைத்தியத்துக்கே போக மாட்டீங்க. மாப்பிள்ளை சட்டைப் பையில உங்க அழைப்பிதழ். தீப்பெட்டி அளவுக்கு இந்தப் படம். கையில சோப்போட அப்படியே நின்னேன். வாளி நெறைஞ்சு வழிஞ்சு காலெல்லாம் நனைஞ்சப்பதான் குழாயை மூடணும்னே தோணுச்சு.

ஏன்னா படம் என்னோடது சார்.

ஆமா. நான் எடுத்தது. இந்தப் போன்ல. இதோ, மூலையில கண்ணாடி விரிஞ்சிருக்கே, இந்தப் போன்ல.

நம்ப மாட்டீங்கன்னு தெரியும். சொல்றேன், கேட்டுக்குங்க. நாலு மாசம் முன்னாடி. அந்த டேங்க்குக்கும் புகைக்கூண்டுக்கும் நட்டநடுவுல சூரியன் எறங்குறது வருஷத்துல ஒரு நாலஞ்சு நாள்தான். மாப்பிள்ளை காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருந்தாரு. மொத நாள் மேகம். ரெண்டாம் நாள், அவரோட வகுப்புல படிக்கிறவங்க யாரோ போன் பண்ணி, சார் மேகத்துக்கு எத்தனை அளவு வெக்கணும்னு கேட்டு, இவரு விளக்கிக்கிட்டு இருக்கிறப்பவே சூரியன் எறங்கிடுச்சு. மூணாம் நாள் நாலரைக்கே போயி ஸ்டாண்டு போட்டு நின்னுட்டாரு. யாரும் மேல வரக் கூடாது, தரை அதிரும், படம் ஆடும்.

என் பொண்ணு என்ன பண்ணா? துணி காஞ்சுருச்சு, இருட்டப்போகுது, எடுப்போம்னு போயிட்டா. அவ எந்த நேரத்துல கதவைத் திறந்துக்கிட்டுப் போனாளோ, நேரா கேமராவுக்கும் சூரியனுக்கும் நடுவுல. அந்த ரெண்டு நிமிஷத்துல. முன்னாடி ஒரு உருவம் வேணும் நண்பர்களேன்னு மூணு வருஷமா கத்துறாரு, உருவம் தானா நடந்து வந்துச்சு, அதுவும் பறக்குற விரிப்புக்குப் பக்கத்துலயே. கிளிக் பண்ணியிருக்கணும்ல? பண்ணல. தள்ளுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. நான் கீழ பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கே கேட்டுச்சு.

கைய தொடைச்சுக்கிட்டுப் படி ஏறுறேன். மாப்பிள்ளை எதிர்ல எறங்கி வர்றாரு, தோள்ல ஸ்டாண்டு. என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. மேகம் வந்திருச்சு அத்தை, இன்னிக்கு ஒண்ணும் தேறாதுன்னாரு. வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு.

இங்கதான் சார் கவனிக்கணும். அவரே சொல்றது, கடைசிப் பாடம். காலையில நல்ல வெளிச்சம் சூரியன் வர்றதுக்கு முன்னாடி. சாயங்காலம் நல்ல வெளிச்சம் சூரியன் போனதுக்கு அப்புறம். சூரியன் மறைஞ்ச உடனே ஸ்டாண்டை மடக்குறவன் முட்டாள், இருபது நிமிஷம் இரு, அப்பதான் வானம் வாயைத் தொறக்கும். அப்படின்னு அவரு அடிச்சுச் சொல்லுவாரு. அன்னிக்கு அவரே இருக்கல. கோபம் இருக்க விடல. வாத்தியாரு பாதி வகுப்புல ஓடிட்டாரு, நாற்காலி தூக்குறவ போயி பரீட்சை எழுதிட்டேன்.

மேல போறேன், வானம் மொத்தமும் பத்திக்கிச்சு. நான் அப்படி ஒரு செவப்பை என் ஆயுசுல பார்த்ததில்ல. அவ கைப்பிடிச் சுவர் ஓரமா, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குறா. விரிப்பு பறக்குது. நான் போனை எடுத்தேன். படிக்கட்டுக் கூரைச் சுவத்துல முழங்கையை ஊனிக்கிட்டேன், ஆடக் கூடாதுல்ல. திரையில வெளிச்சமா இருக்கிற எடத்தைத் தொட்டேன், கீழ இழுத்தேன், அவ கறுப்பா ஆனா, வானம் நெருப்பாச்சு. எடுத்தேன். எல்லாம் அவரு சொல்லிக் குடுத்த மாதிரியே.

சாட்சியா? இருக்கு சார். எங்க சலவைக்கூடத்துக்காரங்க குழு ஒண்ணு போன்ல இருக்கு, வேலையை விட்டப்புறமும் விடல. அங்க அனுப்பியிருக்கேன். இந்தாங்க, தேதி பாருங்க. நேரம் பாருங்க. சாயங்காலம் ஆறு முப்பத்திரெண்டு. கீழ ஒருத்தி எழுதியிருக்கா, ரேடியோ, பொண்ணு பெரிய நடிகை மாதிரில்ல நிக்குறான்னு. இதைப் பெருசாக்கி அந்த விரிப்பு மடிப்பையும் இதையும் ஒத்துப் பாருங்க. கிளிப்பை எண்ணிக்குங்க. உங்க பறவையும் இருக்கு.

அவரு கைக்கு எப்படிப் போச்சுன்னா, என் தப்பு. போன் மந்தமா இருக்கு மாப்பிள்ளைன்னு ஒரு நாள் சொல்லித் தொலைச்சேன். குடுங்க அத்தை, சுத்தம் பண்ணித் தர்றேன்னாரு. ஒரு மணி நேரம் வெச்சிருந்தாரு. திருப்பிக் குடுக்கிறப்ப அந்தக் குரல் இருக்கே, பச்சைக் குழந்தைக்கு மருந்து குடுக்கிற மாதிரி, அத்தை, நானூறு படம் இருந்துச்சு, எல்லாமே மங்கல், அழிச்சுட்டேன், இனிமே வேகமா ஓடும். குழுவுல போட்டது மட்டும் அவரு கண்ணுல படல. நன்றி மாப்பிள்ளைன்னேன். டீ வேற போட்டுக் குடுத்தேன் சார்!

இல்ல இல்ல. இதுக்குத்தான் வந்திருக்கேன்னு நினைச்சீங்களா? பேரை மாத்தி எழுதி எனக்கு அந்தக் கேடயத்தைக் குடுக்கவா? அதை வெச்சு நான் என்ன பண்ணட்டும், கதவுக்கு முட்டுக் குடுக்கட்டுமா? எனக்குப் பரிசு வேணாம். பேரு வேணாம். மேடையில கூப்பிட்டு, மறைந்திருந்த திறமைன்னு பொன்னாடை போட்டீங்கன்னா நான் ஓடிருவேன். ரெண்டாவது வந்த படத்துக்கு முதல் பரிசைக் குடுங்க. அதோ அந்த நாய் கொட்டாவி விடுற படம். அதுவாவது நெஜமா காலையில எந்திரிச்ச நாய்.

சாயங்காலப் பிரிவுக்கு மாத்தி அங்க மாட்டவா? சார். நீங்க நல்லவரு, தெரியுது. ஆனா நான் சொல்றது உங்க காதுல விழல. எங்கயும் மாட்டக் கூடாது. எறக்கணும்.

நீங்க எறக்கலேன்னா ஒண்ணு சொல்றேன். மிரட்டல்னே வெச்சுக்குங்க. பதினோரு மணிக்கு மேடையில மைக்கு இருக்குல்ல. அவரு படியேறுறதுக்குள்ள நான் ஏறி, அவரு குரல்லயே ஏற்புரை குடுத்துருவேன். நண்பர்களே, சூரியன் ஒரு விருந்தாளின்னு ஆரம்பிச்சு, அன்னிக்குச் சாயங்காலம் என்ன நடந்துச்சோ அதுல கொண்டு போய் முடிப்பேன். எனக்கு இப்ப வெக்கமெல்லாம் இல்ல. ஐம்பத்தாறு வயசாச்சு.

என்ன நடந்துச்சா? சொன்னேனே. தள்ளுன்னாரு, எறங்கி வந்தாரு.

என்ன சார்? எந்தக் கை?

ஓ. அதுக்குத்தான் பரிசே குடுத்தீங்களா. பறவை, மௌனமெல்லாம் அப்புறம்தானா. படிங்க, படிங்க, கேக்குறேன். கண் கூசும் முதல் வெயிலைக் கையால் மறைத்தபடி, வரும் நாளை எதிர்கொள்ளும் பெண். நல்லா எழுதுறீங்க சார். படிச்சா அப்படித்தான் இருக்கு.

படத்துல சூரியன் எங்க இருக்கு? காட்டுங்க. இல்ல. போயாச்சு. மில்லுக்குக் கீழ எறங்கிப் பத்து நிமிஷம் ஆச்சு. மிச்சம் இருக்கிறது வெறும் செவப்பு. செவப்பு யாருக்கும் கண்ணு கூசாது. இல்லாத வெயிலுக்கு எவ சார் கையை வெப்பா?

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாப் பாருங்க. கை நெத்தியிலயா இருக்கு? இல்லல்ல. பக்கவாட்டுல. ம். காது. காதைப் பொத்திக்கிட்டு நிக்குறா. குறுக்க வந்ததுக்கு ஒண்ணு விட்டுட்டுத்தான் அவன் எறங்கி வந்திருக்கான். விட்டுட்டு வந்துதான் என்கிட்ட மேகத்தைப் பத்திச் சொன்னான். எந்த நாள் படம்னு தெரியாமலா என் போன்லருந்து எடுத்திருப்பான்? தேதி இருந்துச்சு. தெரிஞ்சேதான் பேர் வெச்சிருக்கான். புது விடியல்.

இப்ப அவளுக்குப் போன் வந்தா அந்தப் பக்கம் வெக்க மாட்டா. மாத்திக்குவா. நான்தானேம்மா குறுக்க போனேன், யார்கிட்டயும் சொல்லாதன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டா. நாலு மாசமா சொல்லல. இப்பவும் நீங்க ரிஜிஸ்டர்ல சாயங்காலப் படத்தைக் காலைன்னு குடுத்துட்டாங்கன்னே எழுதிக்குங்க. எறக்குறதுக்கு அது போதும்ல?

போதும்னா சரி. அந்த ஸ்டூலை இப்படி இழுங்க. நான் அடியில புடிச்சுக்கறேன். மெதுவா, மேல ஆணியிலருந்து தூக்குங்க. ம். வந்துருச்சு.

எனக்கு அவ முதுகுதான் சார் தெரிஞ்சுது. எடுத்து, எங்க குழுவுக்கு அனுப்பி, அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டு, அப்புறம்தான் ஏய் திரும்புடின்னு கூப்பிட்டேன். ரெண்டு தடவை கூப்பிட வேண்டியதாப் போச்சு.

அழகா நிக்குறாளேன்னுதான் சார் எடுத்தேன்.